மூன்றாவது விட்டத்தில் நின்ற காளான்கள்

நம் மரப் பரிசோதனை அலுவலகத்துக்குப் புதிதாக வந்திருக்கிற உங்கள் பைகளைப் போன வாரம் எட்டிப் பார்த்தேன். ஈரம் அளக்கும் மீட்டர் இருந்தது, நல்ல போன் இருந்தது, ஒருவரிடம் மரத்துக்குள் துளை போட்டு வரைபடம் தரும் கருவிகூட இருந்தது. எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான். ஆனால் பென்சில் யாரிடமும் இல்லை. ஓய்வு பெற்றவள் விருந்தாளியாக வந்த இடத்தில் திட்டக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டு, கொடுத்த கேக்கைச் சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். திருவான்மியூரில் பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகும் மனசு கேட்கவில்லை. அதனால்தான் இந்த நீளமான கடிதம்.

கட்டடத்தில் மரம் இற்றுப்போனால் ஏன் என்று சொல்வதற்கு நமக்குச் சம்பளம் தருகிறார்கள். கூப்பிடுகிறவர்கள் ஏன் என்று கேட்டாலும், அவர்கள் மனசில் ஓடுவது யாரால் என்பதுதான். இதைப் பயிற்சி வகுப்பில் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். எனக்கும் சொல்லவில்லை. தி.நகரில் ஒருவருடைய வேலை போன பிறகுதான் எனக்கு உறைத்தது.

நான் சேர்ந்த இரண்டாவது வருடம் அது. தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையின் கிடங்கில், புடவைக் கட்டுகள் அடுக்கியிருந்த மர அலமாரி ஒன்று சரிந்துவிட்டது. வெளிநாட்டிலிருந்து இயந்திரம் வந்த பெட்டிகளைப் பிரித்து, அந்தப் பைன் பலகையில் செய்த அலமாரி. மழைக்காலத்தில் ஜன்னலைத் திறந்து போட்டுவிட்டதால்தான் பலகை ஊறி இற்றது என்று கிடங்கைப் பார்த்துக்கொண்ட தனபால் மேல் முதலாளிக்குச் சந்தேகம். போய்ப் பார்த்தால், பலகையின் பின்புறம் ஒரு தட்டுக்காளான்.

நீங்கள் படத்தில் பார்த்திருப்பீர்கள். மரத்திலிருந்து சின்னத் தட்டு ஒன்றை வெளியே நீட்டினாற்போல் கிளம்பும். மேல்புறம் துருப்பிடித்த இரும்பின் நிறம். அடிப்புறம் மெல்லிய பிளவுகள், வரி வரியாக. பைன், தேவதாரு மாதிரி ஊசியிலை மரம் செத்துக் கட்டையான பிறகு குடியேறும். நம் ஊர் வெயில் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. மாதக்கணக்கில் காய்ந்து சுருங்கிக் கிடக்கும். நாம் செத்துவிட்டது என்று நினைப்போம். ஈரம் பட்டால் எழுந்து உட்கார்ந்துவிடும். வெளியே தெரிகிற தட்டு விரல் அளவுதான் இருக்கும். அதற்குள் கட்டையின் உள்ளே தின்று தீர்த்திருக்கும்.

அந்த வயதில் இதையெல்லாம் தலைகீழாக ஒப்பிப்பேன். கத்தியை எடுத்து, ஒரு சிராய்கூட உடையாமல் காளானைப் பெயர்த்து, கவரில் போட்டு, அதன் லத்தீன் பெயரை எழுதி ஒட்டி, பெருமையாக எங்கள் பிரிவுத் தலைவி முன்னால் கொண்டுபோய் வைத்தேன். அந்த அம்மாள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அழகா எடுத்துண்டு வந்திருக்கே. இது மரத்துல எந்தப் பக்கம் பார்த்துண்டு இருந்தது?”

கவரில் நான் எழுதியிருந்தது லத்தீன் பெயர் மட்டும்தான்.

“அடிப்பக்கம் இருக்கே, இந்தக் கோடு கோடா இருக்கிறது, அது எப்பவும் பூமியைத்தான் பார்க்கும். விதைத் தூள் கீழே உதிரணுமோல்லியோ? அலமாரியில இருந்தபோதும் பூமியைப் பார்த்ததா, இல்லை வேற எங்கேயாவது பார்த்ததா?”

வேறு எங்கேயாவது பார்த்திருந்தால், அந்தப் பலகை வேறு வாக்கில் கிடந்தபோதே காளான் முளைத்திருக்க வேண்டும். அதாவது அலமாரி ஆவதற்கு முன்பே. ஜன்னலுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று ஆகியிருக்கும். நான் அடித்துப் பிடித்துக்கொண்டு தி.நகருக்கு ஓடினேன். அலமாரியை உடைத்து அடுப்புக்கு அனுப்பியிருந்தார்கள். தனபாலை அவர் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அவர் தவறு செய்தாரா இல்லையா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்துகொள்ள இருந்த ஒரே வழியை நானே கத்தியால் பெயர்த்துக் கவரில் போட்டுவிட்டேன். தலைவி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஒரு மாதத்தில் மறந்திருப்பேன்.

அன்று முதல் என் பையில் தச்சர் பென்சில் ஒன்று உண்டு. கத்தியைத் தொடும் முன் மரத்தில் பூமியை நோக்கி ஒரு அம்புக்குறி. நாலு பேர் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

இனி மயிலாப்பூர். நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு நடந்தது. சொன்னால் தற்பெருமை என்பீர்கள். ஆமாம், தற்பெருமைதான்.

ஒரு கிறிஸ்தவப் பங்குக் கோவிலின் மண்டபம். உள்ளே ஒரு பால்கனி, பாடகர் குழு நிற்பதற்கு. மூன்று பைன் விட்டங்கள் கிழக்கு மேற்காகப் படுத்து அதைத் தாங்கின. அடியில் ஃபால்ஸ் சீலிங் போட்டு மூடியிருந்தார்கள். கிழக்குக் கோடியில் படிக்கட்டு. கட்டி நாலு வருடம்கூட ஆகவில்லை. ஒரு சனிக்கிழமை பாட்டுப் பயிற்சியின்போது ஒரு டீச்சரின் கால் பலகையோடு முழங்கால்வரை உள்ளே இறங்கிவிட்டது. நல்லவேளை, சிராய்ப்போடு போயிற்று. கட்டிய கான்ட்ராக்டர் சேகர் வந்து, படிக்கட்டுப் பக்கம் முதல் இரண்டு விட்டங்களின் முனைக்கு அடியில் சீலிங்கைத் திறந்து பார்த்தார். இரண்டு முனையும் சொத்தை. அங்கேயே தீர்ப்பும் சொல்லிவிட்டார்: மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டெல்லா வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிப் பால்கனியைக் கழுவுகிறார், தண்ணீர் படிக்கட்டுப் பக்கம் ஓடித் தேங்குகிறது, அதனால்தான்.

ஸ்டெல்லாவுக்குக் கணவர் இல்லை. மண்டபத்தின் பின்னால் இருக்கும் ஒற்றை அறையில், பத்தாவது படிக்கும் மகளோடு இருந்தார். வேலை போனால் அறையும் போகும். ஞாயிறு பூசை முடிந்து பதினோரு மணிக்கு, கோவிலை நிர்வகிக்கும் பங்குப் பேரவை கூடி முடிவெடுப்பதாக ஏற்பாடு. யாரோ ஒரு உறுப்பினர், எதற்கும் ஒரு நிபுணரைக் கேட்போம் என்று சொல்லியிருக்கிறார். ஒன்பது மணிக்கு என்னை வரச் சொன்னார்கள்.

வாசலிலேயே ஸ்டெல்லா காத்திருந்தார். சிமெண்ட் நிறச் சேலை, கையில் ஒரு பிளாஸ்டிக் கவர்.

“மேடம், நீங்க வர்றீங்கன்னு சொன்னாங்க. ஆபீசர் வரும்போது அசிங்கமா இருக்கக் கூடாதுன்னு எல்லாத்தையும் சுரண்டி எடுத்துட்டேன். பாருங்க, ஒண்ணு விடல.”

கவரில் பத்துப் பன்னிரண்டு காளான்கள். துடைத்துச் சுத்தமாக.

நம் ஊரில் கரண்ட் மீட்டர் பார்க்க ஆள் வந்தாலும் வீட்டைப் பெருக்கிவைப்பவர்கள் நாம். என்றைக்காவது நம்மைக் கூப்பிட்ட இடத்தில் எல்லாம் பளபளவென்று இருந்தால் சந்தோஷப்படாதீர்கள். அந்தம்மா தன்னைக் காப்பாற்றக்கூடிய ஒரே சாட்சியைக் கத்தியால் சுரண்டிக் கவரில் போட்டு நீட்டிக்கொண்டு நின்றார். கோபம் வந்தது. யார் மேல் என்று யோசித்தால், தலைவி முன்னால் கவரோடு நான் நின்ற நாள்தான் நினைவுக்கு வந்தது. அதனால் கோபத்தை விழுங்கிக்கொண்டேன்.

“தினமும் கழுவுவீங்களா?” என்று மட்டும் கேட்டேன்.

“தினமும் இல்லீங்க. ஃபங்ஷன் முடிஞ்சா கழுவுவேன். பிரியாணி, பாயாசம் எல்லாம் கொட்டி வெச்சிருப்பாங்க. ரெண்டு வாளி ஊத்திக் கழுவுனது நெஜந்தான், பொய் சொல்ல மாட்டேன்.”

உள்ளே சேகர் ஆட்களோடு, கடப்பாரையோடு நின்றார். “மேடம், நீங்க ஒரு பார்வ பாத்துட்டு சொல்லிட்டீங்கன்னா, இப்பவே எல்லாத்தியும் கழட்டிட்டு புதுசு போட்டுடுவேன். சாயங்காலம் ரிசப்ஷன் வேற கீது.”

உதவி செய்ய ரொம்பவும் துடிக்கிறவர்கள் இருந்தால் முதலில் அவர்கள் கையைக் கட்டிப்போடுங்கள். நான் ஃபாதரைக் கூப்பிட்டு இரண்டு விஷயம் சொன்னேன். பால்கனியில் இனி ஒருவரும் ஏறக் கூடாது. நான் சொல்லும்வரை ஒரு கட்டையும் நகரக் கூடாது. ஃபாதர் சேகரைப் பார்த்தார். சேகர் கடப்பாரையைச் சுவரில் சாய்த்தார்.

ஏணியில் ஏறினேன். முதல் இரண்டு விட்டங்களின் கிழக்கு முனை சுத்தமாக வழித்தெடுத்திருந்தது, ஸ்டெல்லாவின் கைவேலை. திருப்புளியால் குத்தினால் உள்ளே போயிற்று. சேகர் சொன்னது அதுவரை சரி. தண்ணீர் ஓடும் பக்கம், இற்றுப்போன முனை. அந்த இடத்தில் இறங்கி அறிக்கை எழுதியிருந்தால் ஒருவரும் என்னைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

சீலிங்குக்கு மேலே தலையை விட்டு டார்ச் அடித்தேன். ஸ்டெல்லாவின் கை எட்டாத தூரத்தில், விட்டத்தின் நடுப்பகுதியில் ஒரு நீண்ட வெடிப்பு. பின்பக்கத்தை யார் பார்க்கப்போகிறார்கள் என்று அந்தப் பக்கம் இழைக்காமலே விட்டிருந்தார்கள். அந்த வெடிப்பில் ஐந்தாறு காளான்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. காய்ந்து, அசையாமல். அவை தட்டு மாதிரிப் படுத்திருக்கவில்லை. அலமாரியில் புத்தகம் அடுக்கினாற்போல் நிமிர்ந்து நின்றன. வரி வரியான அடிப்புறம் தரையைப் பார்க்கவில்லை. கிழக்கே, படிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அந்த நிமிஷம் ஏணியில் நின்றபடி எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் என் கல்யாணத்தில்கூட ஏற்படவில்லை. இதை என் வீட்டுக்காரரிடமே சொல்லியிருக்கிறேன்.

இந்தக் கட்டைகள் படுத்திருந்தபோது முளைத்தவை அல்ல அவை. கட்டை நின்றபோது முளைத்தவை. மரவாடிகளில் பார்த்திருப்பீர்கள், கட்டைகளைச் சுவரில் சாய்த்து நிறுத்தியிருப்பார்கள். மழையில், மண் தரையில். கீழ்முனை ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். காளான் அங்கே குடியேறி, பூமியைப் பார்த்து முளைத்து, பிறகு கட்டையோடு வண்டி ஏறி மயிலாப்பூருக்கு வந்திருக்கிறது. தச்சர் படுக்கவைத்ததும், பூமியைப் பார்த்த முகம் கிழக்கே திரும்பிவிட்டது.

ஆனால் பாருங்கள், இதை நான் கீழே இறங்கிச் சொன்னால் சேகர் என்ன சொல்வார்? மண்ணில் நின்ற முனையும் கிழக்கு, தண்ணீர் ஓடிய முனையும் கிழக்கு. “முன்னாடியே கொஞ்சம் இருந்திருக்கும் மேடம், தண்ணி ஊத்தித்தான் முத்திடுச்சு” என்று ஒரு வரியில் முடித்துவிடுவார். எனக்கும் அதை மறுக்க வழியில்லை.

அப்போதுதான் டார்ச்சை மூன்றாவது விட்டத்தின் மேல் திருப்பினேன். அதை இதுவரை யாரும் தொடவில்லை, அதன் அடியில் சீலிங்கும் திறக்கவில்லை. அதிலும் வெடிப்பில் நாலு காளான்கள் நின்றன. அவற்றின் முகம் மேற்கே இருந்தது.

தச்சர் அந்த ஒரு கட்டையை மட்டும் தலைமாடு கால்மாடு மாற்றிப் போட்டுவிட்டார். அப்படியானால் மண்ணில் நின்ற முனை மேற்கே இருக்க வேண்டும். தண்ணீர் ஒரு சொட்டும் எட்டாத சுவர்க்கோடியில்.

மணி பத்தே முக்கால். இரண்டு வழி இருந்தது. யாருக்கும் தெரியாமல் மூன்றாவது விட்டத்தைக் குத்திப் பார்த்துவிட்டு, என் கணிப்பு சரியாக இருந்தால் பேரவையில் சொல்வது. இல்லையென்றால் முதலில் சொல்லிவிட்டு, எல்லார் முன்னாலும் திறப்பது. முதல் வழி நமக்குப் பாதுகாப்பு. ஆனால் குத்திப் பார்த்துவிட்டுச் சொல்கிற காரணத்தை யாரும் நம்ப மாட்டார்கள், எதற்கும் ஒரு காரணம் சொல்லலாம் என்பார்கள். திறக்கும் முன்பு சொன்னால்தான் அது சாட்சி. தவறாகிவிட்டால்? என் பெயர் கெடும், அது போகட்டும். அந்தப் பெண் குழந்தை பத்தாவதுப் பரீட்சை நேரத்தில் வீடு தேடி அலைய வேண்டும். ஏணியின் நடுவில் நின்று ஒரு நிமிஷம் நன்றாகப் பயந்தேன். பிறகு இன்னொருமுறை ஏறி, நாலு காளானையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நாலும் மேற்கு. பென்சிலை எடுத்து, சீலிங்குக்கு மேலே எட்டிக் கையை நீட்டி, பக்கத்தில் அம்புக்குறி போட்டுவிட்டு இறங்கினேன்.

பேரவை ஆட்கள் மேற்குச் சுவரோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மேஜைமேல் மண்டபத்தின் சாவிக்கொத்து கிடந்தது. ஸ்டெல்லாவிடமிருந்து முன்பே வாங்கி வைத்துவிட்டார்கள். அதைப் பார்த்ததும் எனக்கு இருந்த பயமெல்லாம் போய் ரோஷம் வந்துவிட்டது.

“மூணாவது விட்டத்தை இதுவரைக்கும் யாரும் திறக்கலை. தண்ணி காரணம்னா, படிக்கட்டுப் பக்கம்தான் இத்துப்போயிருக்கணும். நான் சொல்றேன், அந்த முனை கல்லு மாதிரி இருக்கும். எதிர்ப்பக்கம், சுவரோரம் இருக்கிற முனைதான் சொத்தையா இருக்கும். இப்பவே எல்லார் முன்னாடியும் திறந்து பாருங்க” என்றேன்.

சேகர் சிரித்தார். “இன்னா மேடம், காளானப் பாத்து ஜோசியம் சொல்றீங்களா?”

“ஆமாம் சேகர். பலிக்குதான்னு நீங்களே குத்திப் பாருங்க.”

ஃபாதர் எழுந்து வந்தார். “ரெண்டு பக்கமும் திறங்க” என்று ஆட்களிடம் சொன்னார்.

முதலில் படிக்கட்டுப் பக்கம். சீலிங் பலகையைப் பெயர்த்ததும் சேகர் ஏறித் திருப்புளியால் குத்தினார். டக்கென்று தெறித்தது. இன்னொரு இடத்தில் குத்தினார். அங்கேயும் அப்படியே. நாலாவது முறை பலம்கொண்ட மட்டும் குத்தினார், திருப்புளிதான் வழுக்கியது. இரண்டு வாளித் தண்ணீர் வருடக்கணக்கில் ஓடிய இடம் அது.

ஏணியை மேற்கே தூக்கிப்போனார்கள். ஸ்டெல்லா தூணோரம் நின்று முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தார். சேகர் ஏறினார், குத்தினார். திருப்புளி பிடிவரை உள்ளே போயிற்று. இழுத்தபோது கட்டையின் முனை உடைந்து, பழுப்பு வெல்லக்கட்டி நொறுங்கினாற்போல் சதுரம் சதுரமாக மேஜைமேல் கொட்டியது. சாவிக்கொத்தின் மேலும் கொஞ்சம் விழுந்தது.

சேகர் ஏணியிலேயே நின்றார். கெட்ட மனிதர் இல்லை அவர். அங்கிருந்தே சொன்னார்: “நான் வாங்கும்போது மேலாக்கப் பாத்தா நல்லாதான் இருந்துச்சு மேடம். அடிமுனைய நான் பாக்கல.” பிறகு தூணைப் பார்த்துத் திரும்பி, “தப்பா சொல்லிட்டேன்க்கா” என்றார். அது அவராகச் சொன்னது.

ஃபாதர் சாவிமேல் விழுந்திருந்த தூளைத் தன் கைக்குட்டையால் துடைத்து, ஸ்டெல்லாவிடம் நீட்டினார். ஸ்டெல்லா அழவில்லை. வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, நேராகப் படிக்கட்டுக்குப் போய் பால்கனிக் கதவைப் பூட்டினார். “மேடம் யாரும் ஏறக் கூடாதுன்னு சொன்னாங்க இல்ல” என்றார், பேரவை மொத்தத்தையும் பார்த்து. எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கு பஸ் ஏறாமல், லஸ் முனைவரை நடந்தே போய் ஒரு காபியும் இன்னொரு காபியும் குடித்தேன்.

புது விட்டம் வாங்க சேகர் என்னையே மரவாடிக்குக் கூட்டிப்போனார். மழையில் நிறுத்தியிருந்த கட்டை ஒவ்வொன்றின் அடிமுனையையும் குனிந்து குனிந்து பார்த்தார். கடைக்காரருக்குத்தான் எரிச்சல்.

போன மாதம் ஸ்டெல்லாவிடமிருந்து போன் வந்தது. மகள் இப்போது நந்தனத்தில் கல்லூரியில் படிக்கிறாள். அதைச் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“மேடம், மண்டபத்து ஜன்னல் சட்டத்துல ஒண்ணு மொளச்சிருக்கு. பெயிண்ட் அடிக்கிறவங்க சுரண்டப் பாத்தாங்க, கிட்ட விடல. பூமி எந்தப் பக்கம்னு பென்சில்ல கோடு போட்டு வெச்சிருக்கேன். நீங்க வந்து பாருங்க.”